எனிட் பர்க்கிட் குத்திய இருவர்

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்து மீன் கொட்டகையில் எனிட் பர்க்கிட்டைப் போல வாயாடி யாருமில்லை. வானத்திலிருந்து வந்தவர்கள் நாட்டைப் பிடித்த பிறகும் அந்த வாய் அடங்கவில்லை. அவர்களுக்கு நெட்டையன்கள் என்று பேர் வைத்ததே அவள்தான்.

நெட்டையன்கள் அவ்வப்போது வந்து ஆட்களைப் பிடித்துப் போவார்கள். போனவர்கள் திரும்பியதில்லை. நெட்டையன்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் காவல் வேலையில் எனிட்டின் தம்பி லெஸ் சேர்ந்தான். அன்றிலிருந்து அவள் அவனுக்குத் தேநீர்கூடப் போட்டுத் தருவதில்லை.

ஒரு பிப்ரவரிக் காலையில் லெஸ்ஸுடன் ஒரு நெட்டையன் கொட்டகைக்குள் நுழைந்து, எனிட்டோடு மீன் அறுக்கும் மாட்ஜைச் சுட்டிக்காட்டினான். மாட்ஜ் மேசைக்காலைக் கட்டிக்கொண்டாள். நெட்டையன் குனிந்து அவள் கையை முறித்தான். எலும்பு உடைந்த சத்தம் கடைசி மேசைவரை கேட்டது. அடுத்த கையையும் பிடித்தான்.

“வேடிக்கையா பாக்குற, லெஸ்? சின்னப் புள்ளையில உன்னைத் தூக்கிச் சுமந்தவ அவ!”

“வாய மூடு, எனிட். குனிஞ்சு வேலையப் பாரு.”

எனிட் குனியவில்லை. நெட்டையனின் கழுத்தில் கத்தியைப் பிடிவரை இறக்கி இழுத்தாள். கறுத்த ரத்தம் சூடாக அவள் முகத்தில் அடித்தது. அவன் மீன் பெட்டிகள்மேல் விழுந்து, துடித்து, அடங்கினான். அவர்களுக்குச் சாவே கிடையாது என்றல்லவா ஊரே நம்பியிருந்தது!

லெஸ் வெளிறிப்போய் இடுப்பிலிருந்த அபாயச் சங்கை எடுத்தான்.

“ஊதாதடா. உன் கால்ல விழுறேன்.”

“ஊதலன்னா என்னையும் அம்மாவையும் சேத்து எரிச்சிடுவாங்க, எனிட்!”

சங்கு அவன் உதட்டைத் தொட்டது. அவள் அவனையும் குத்தினாள். நம்ப முடியாதவனாய் அவள் தோளைப் பற்றியபடியே அவன் சரிந்தான்.

சங்கு ஊதாமலே நெட்டையன்களின் வானூர்தி வந்தது. கொட்டகை எரிந்தது; உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலானோரும் எரிந்தார்கள். அம்மா இருந்த தெருவும் மிஞ்சவில்லை. முதுகெல்லாம் வெந்த எனிட், மாட்ஜை இழுத்துக்கொண்டு கடலில் குதித்தாள். ஒரு மீன்பிடிப் படகு இருவரையும் ஏற்றிக்கொண்டது.

நெட்டையனும் சாவான் என்ற செய்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. யார்க்ஷயர் குன்றுகளில் கலகக்காரர்கள் கூடினார்கள். எனிட்டும் மாட்ஜும் போய்ச் சேர்ந்தார்கள்.

“முதல் நெட்டையனக் கொன்னது நீதானாமே!” என்று ஒருவன் அவளைத் தோளில் தூக்க வந்தான்.

“கைய எடு. அன்னைக்கு ரெண்டு பேரக் கொன்னேன். இன்னொருத்தன் என் தம்பி. அதையும் சேத்துச் சொல்லு.”

ஹல் நகரை மீட்ட சண்டையில் வயிறு கிழிந்து, மாட்ஜின் மடியில் அவள் இறந்தாள். நெட்டையன்கள் அதற்குப் பிறகும் பல வருடங்கள் இருந்தார்கள். ஆனால் அந்தக் கடற்கரையில் அவர்களில் ஒருவனும் தனியாக நடக்கவில்லை.