கூழ் ஆலையில் ஐந்து மணிக்குப் பிறகு

பெங்களூரா மாம்பழம் அளவுக்கு மீறிப் பழுத்தால் கள் மாதிரி ஒரு புளிப்பு வாசனை வரும்... கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். குளித்தாலும் போகாது. இப்போதும் ஜூன் பிறந்தால் எனக்கு அந்த வாசனை வந்துவிடுகிறது. கூடவே கோபமும்.

எம்.ஏ. முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்காமல் அங்கே லேபில் கூழின் இனிப்பைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். என்னோடு ஒரே பெஞ்சில் படித்த சிவகுமார் அங்கே பர்சனல் ஆபீசர்.

ஷிஃப்ட் ஐந்து மணிக்கு முடியும் என்பது பேச்சுக்குத்தான். பழம் தீர்ந்தால்தான் முடியும். கூடுதல் நேரத்துக்கும் அதே சாதாரணக் கூலி, ஒரு டீ, ஒரு பன்.

காம்பு நறுக்கும் மேசையில் மாதம்மா இருந்தார். மத்தூர்ப் பக்கம். கணவர் பர்கூர் குவாரியில் கால் உடைந்து வீட்டோடு கிடந்தார். மாம்பழ சீசன் கூலியில்தான் அந்த வீட்டில் வருஷம் ஓட வேண்டும். அவர்தான் ஒரு நாள் ஐந்து மணிக்குக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஓ.டி.க்கு டபுள் கூலி கேட்டார்.

சிவகுமார் வந்தான்.

"இது விவசாயம் சம்பந்தப்பட்ட தொழில்மா. பழம் அழுகிடும். அதனால கவர்மெண்டே விலக்கு குடுத்திருக்கு."

"ஏன் சார், காலையில கேட்டுல எங்க பையத் தடவிப் பாக்கறப்ப ஃபேக்டரி. காசு கேட்டா மாந்தோப்பா?"

"அப்ப ஆளுக்கு அரை ஏக்கர் பட்டா குடுங்க சார்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மேசையே சிரித்தது. தெலுங்கில் யாரோ இன்னும் மோசமாக ஏதோ சொல்ல, சிரிப்பு அடங்கவே இல்லை.

நான் லேபிலிருந்து வெளியே வந்தேன்.

"டேய், விலக்கு வேலை நேரத்துக்குத்தான். டபுள் கூலிக்கு இல்ல. சட்டத்தப் படிச்சுப் பாரு."

"நீ போய் உன் இனிப்பப் பாரு."

ஆனால் வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன, வெயிலில் பழம் கசிந்துகொண்டிருந்தது. மேசையில் யாரும் கத்தியைத் தொடவில்லை. வேறு வழியில்லாமல் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அந்த சீசன் முழுக்க டபுள் கூலி வந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம்.

அடுத்த சீசன்...

அந்த ஆலையில் வேலைக்குக் கூப்பிடக் கடிதம் எல்லாம் கிடையாது. வேன் ஊர் ஊராக வரும். வீட்டு முன்னால் நின்று ஹாரன் அடித்தால் வேலை உண்டு. மாதம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்றிருக்கிறார். வேன் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் பக்கத்து வீட்டுப் பெண் நடுரோட்டில் நின்று வேனை மறித்திருக்கிறாள்.

"ஏன்யா, ஆள் நிக்கறது கண்ணு தெரியலயா?"

"மேல இருந்து சொல்லிட்டாங்கக்கா. என்னைக் கேக்காத."

நான் சிவகுமாரிடம் போய்க் கேட்டேன். "யாரையும் நீக்கலயே. நீக்குன லெட்டர் இருந்தா காட்டு" என்றான், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன். அந்த வாரமே வேலையை விட்டேன்.

அவன் இன்று ஓசூரில் மேடை ஏறித் தொழிலாளர் நலன் பற்றிப் பேசுகிறான். போன மாதம் ஒரு கல்யாணத்தில் என் தோளில் கை போட்டான். எடுத்துவிட்டேன்.

நான் இப்போது ஓசூரில் ஒரு காய்கறி பேக்கிங் கம்பெனியில் இருக்கிறேன். இங்கே வேன் கிடையாது. வாட்ஸ்அப் குரூப்பில் ஷிஃப்ட் வரும். போன வாரம் சிங்காரப்பேட்டைப் பெண் ஒருத்தி அதில் ஓ.டி. பற்றிக் கேட்டாள். சாயங்காலத்துக்குள் அவள் நம்பரை குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஏன் என்று நான் எழுதினேன்.

மறுநாள் காலையில் அதே குரூப்பில் யாரோ ஒரு ரோஜாப்பூ படம் அனுப்பி, குட் மார்னிங் சொல்லியிருந்தார்கள்.