பானையா, அடுப்பா?

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் எந்த ‘ள’ வரும் என்பது இன்னும் எனக்குத் தகராறுதான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அடுப்பு வேலைக்குப் புதிதாக வருகிற பையன்களுக்காக ஏதாவது சொல்லச் சொல்லி எங்கள் கொத்தனார் சங்கத்தில் கேட்டார்கள். மேடை ஏறினால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் சரி என்றேன்.

என் பெயர் அந்தோணி. கடலூர்க்காரன். ஓட்டல் அடுப்பு, பேக்கரி அடுப்பு கட்டுவது என் தொழில். சிதம்பரத்தில் ஒரு சைவ ஓட்டல் முதலாளிக்கு மூன்று கடைகள். மூன்றிலும் அடுப்பு என்னுடையது. என் குடும்பம் சாப்பிட்டதில் பாதி அந்த மூன்று சமையல்கட்டில் இருந்து வந்ததுதான்.

2006 ஐப்பசி. முதலாளி வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனால், பின்கட்டில் வைக்கோலுக்கு நடுவில் மண் சில்லுகள் குவிந்து கிடந்தன. ரொட்டி சுடுவதற்குச் சென்னையில் இருந்து தந்தூரி அடுப்பு வாங்கியிருக்கிறார். லாரியில் வரும்போதே உடைந்துவிட்டது.

“யோவ் அந்தோணி, ஆருத்ரா தரிசனத்துக்கு வடக்க இருந்து ஜனம் வரும். அதுக்குள்ள எனக்கு ரொட்டி அடுப்பு ஓணும். நீ போடுறியா, இல்ல மெட்ராஸ் ஆளயே கூட்டியாந்து மூணு கடையையும் அவன்கிட்ட உட்டுடட்டுமா?”

போடுகிறேன் என்று தலையை ஆட்டிவிட்டேன். தந்தூரி அடுப்பை அதுவரை நான் பார்த்ததே இல்லை. ரொட்டி மாஸ்டர் பிரகாஷ் என்கிற வடநாட்டுக்காரர். அவருக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழிலும் கையாலும் விளக்கினார். இடுப்பு உயரத்துக்கு அடியில்லாத பானை மாதிரி ஒன்று. உள்ளே கரி எரியும். ரொட்டியை உள்சுவரில் அறைந்து ஒட்ட வேண்டும்.

செங்கல் கட்டுவதென்றால் எனக்குத் தெரியும். இவ்வளவு பெரிய மண் உருளைக்குக் குயவரிடம்தான் போக வேண்டும். சில்லுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு பண்ருட்டி தாண்டி ஒரு கிராமத்துக்குப் போனேன். அங்கே கலியபெருமாள் சக்கரத்தில் பானை செய்வார். அவர் மனைவி அஞ்சலை வீட்டு அடுப்பும், நெல் கொட்டிவைக்கிற குதிரும் செய்வார். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய என் வயது.

அஞ்சலை ஒரு சில்லை உடைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அண்ணே, இன்னா இது, மண்ணுல முடி இருக்குது!”

“எவனோ சலூனுக்குப் பின்னாடி ஒக்காந்து மண்ணு மிதிச்சிருக்கான்” என்றார் கலியபெருமாள்.

அது ஆட்டு முடி. ஒரு சில்லைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் காப்பி குடித்தோம். திரும்பிப் பார்த்தால் சில்லு சேறாகிக் கிடந்தது. கலியபெருமாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“மேஸ்திரி, சூளையே பாக்காத பச்ச மண்ண ஒங்க மொதலாளி தலையில கட்டிட்டானுவ. நான் செஞ்சு தரேன் பாரு.”

“நாம அடுப்பு செஞ்சா சூளையில வெக்கிறமா? எரிய எரியத் தானா வேவும். இதுவும் அப்பிடித்தான் போலருக்கு” என்றார் அஞ்சலை.

“அடுப்புலயா ரொட்டிய ஒட்டுவாங்க? தின்ற பண்டம் ஒட்டுதுன்னா அது பானைடி. பானைய நல்லா வழவழன்னு தேச்சு, சுட்டுத்தான் குடுக்கணும்.”

“நெருப்பு உள்ள எரியுதே. பானைக்கு உள்ளயா நெருப்பு வெப்பாங்க?”

“நீ சொல்லு மேஸ்திரி. இது பானையா, அடுப்பா?”

அவர் சொன்னதும் சரி, இவர் சொன்னதும் சரி என்று எனக்குப் பட்டது. நான் யார் பக்கமும் சேராததால் கலியபெருமாள் சொன்னபடி ஆயிற்று.

அவர் மண்ணைச் சலித்து, கல் இல்லாமல் வெண்ணெய் போலக் குழைத்தார். கயிறு கயிறாக உருட்டி அடுக்கி, தட்டுப்பலகையால் தட்டி உயர்த்தினார். உள்பக்கம் கூழாங்கல்லால் தேய்த்து மினுக்கினார். மழைக்கு நடுவில் வெயில் கிடைத்த நாட்களில் காயவைத்து, சூளையில் சுட்டு எடுத்தார். விரலால் சுண்டினால் வெண்கலம் மாதிரி சத்தம் வந்தது. இதைவிட நல்ல பானையை நான் பார்த்ததில்லை.

சிதம்பரத்தில் அதைச் சுற்றிச் செங்கல் கட்டி, இடைவெளியில் மணல் நிரப்பினேன். முதலாளி கரிக்குச் சூடம் வைத்துப் பற்றவைத்தார். மாஸ்டர் முதல் ரொட்டியை உள்ளே அறைந்தார். அது வழுக்கிக் கரியில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது ரொட்டியின்போது உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். மேலிருந்து கீழ்வரை விரிசல் ஓடிவிட்டது.

“அண்ணா, ரொம்ப அழகு. ரொட்டி நிக்காது” என்றார் மாஸ்டர்.

முதலாளி என்னை ஒன்றும் திட்டவில்லை. “தரிசனம் வரைக்கும் பாக்குறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

திரும்பக் குயவர் வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன்.

“ஒடஞ்சிடுச்சா?” என்றார் அஞ்சலை.

தலையாட்டினேன்.

“நீ கட்டுன கட்டு இறுக்கமா இருந்திருக்கும்” என்றார் கலியபெருமாள். அப்படியும் இருக்கலாம் என்றே எனக்குத் தோன்றியது. மாஸ்டர் மினுக்கைக் குறை சொன்னார். முதலாளிக்கு நான்தான் காரணம். ஆளுக்கு ஒன்று சொன்னால் எதைத் திருத்துவது?

அஞ்சலை முந்தானையை இழுத்துச் செருகினார். “இந்தத் தடவ நான் செய்யறேன். சூளை கெடையாது. ஆட்டு முடியும் போடுறேன்.”

“பச்ச மண்ண வண்டியில ஏத்துனா பண்ருட்டி தாண்டாது. மெட்ராஸ்காரன் கத என்னா ஆச்சு?” என்றார் கலியபெருமாள்.

“அடுப்ப யாராவது செஞ்சு தூக்கிட்டுப் போவாங்களா? எரியற எடத்துல போய்ப் போட வேண்டியதுதான். அண்ணே, ஒங்களுக்குச் சம்மதமா?”

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரிந்தது. இத்தனை வருஷம் ஓர் அடுப்பையும் நான் தூக்கிக்கொண்டு போனதில்லை. எல்லாம் எரியும் இடத்தில் கட்டியவைதான். “வா தங்கச்சி” என்றேன்.

மிதித்த மண், மணல், உமி, ஒரு பை ஆட்டு முடி எல்லாவற்றையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அஞ்சலை சிதம்பரத்துக்கு வந்தார். உடைந்த பானையை எடுத்துப்போட்டுவிட்டு, நான் கட்டிய செங்கல் கூட்டுக்கு உள்ளேயே தினமும் ஒரு சாண் ஏற்றினார். உள்பக்கத்தைத் தேய்க்காமல் சொரசொரப்பாகவே விட்டார். வெளியே மழை பெய்துகொண்டே இருந்தது. சமையல்கட்டில் பக்கத்து அடுப்புகள் எரிந்த சூட்டில் மண் தானாகக் காய்ந்தது. காய்ந்ததும் மாஸ்டர் கீரையை அரைத்து, வெல்லத் தண்ணீரும் எண்ணெயும் கலந்து உள்சுவரில் பூசினார்.

“அடுப்புக்கே கொழம்பு வெச்சு ஊத்துறான் பாருங்கண்ணே” என்று அஞ்சலை சிரித்தார்.

முதலில் ஒரு கைப்பிடிக் கரி. மறுநாள் இன்னும் கொஞ்சம். அப்போதும் தலைமுடி போல விரிசல்கள் வந்தன. அஞ்சலையின் முகம் வாடிவிட்டது. மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, “எல்லா தந்தூரியும் இது இருக்கும் அண்ணா, ஒண்ணும் ஆகாது” என்றார். மாவைத் தட்டி உள்ளே அறைந்தார். ரொட்டி நின்றது. உப்பியது. கம்பியில் குத்தி எடுத்து முதலாளி கையில் கொடுத்தார். முதலாளி அதை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, “நாலாவது கட எடுத்திருக்கேன். வந்து அளவு பாத்துட்டுப் போ” என்றார்.

பையன்களுக்கு நான் சொல்வது இதுதான். பொருளின் பெயரைக் கேட்டு மண் குழைக்காதீர்கள். நெருப்பு எந்தப் பக்கம் நிற்கும், செய்த இடத்திலேயே எரியுமா என்று கேட்டுவிட்டுக் குழையுங்கள். இதுவும் முழுசாகச் சரியா என்றால் எனக்குத் தெரியாது. மூன்று வருஷம் கழித்துக் கடலூரில் இதே கலவையைக் கெடில ஆற்றோரத்து மண்ணில் போட்டேன். முதல் நாளே பிளந்தது. அந்த மண்ணுக்கு மணல் ஜாஸ்தி வேண்டுமா, குறைய வேண்டுமா என்பதில் இன்றுவரை எனக்குக் குழப்பம்தான்.

ஆருத்ரா தரிசனத்தன்று கலியபெருமாளும் அஞ்சலையும் வந்திருந்தார்கள். முதலாளி எங்கள் மூவரையும் உட்காரவைத்து ரொட்டி போடச் சொன்னார். கலியபெருமாள் இரண்டு தின்றுவிட்டு எழுந்து போய் அடுப்புக்குள் எட்டிப் பார்த்தார்.

“ரொட்டி ஒட்டி வேவுதில்ல? பானைதான்.”

“நெருப்பு உள்ள இருக்குதில்ல? அடுப்புதான்.”

“மேஸ்திரியயே கேளு.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் இன்னொரு ரொட்டியைப் பிய்த்து வாய் நிறையப் போட்டுக்கொண்டேன்.

14.10.2012, ஞாயிறு
கடலூர்