ஒரு செட் லைட்டும் ரெண்டு மீன்காரிகளும்

தவளக்குப்பம் கூட்ரோட்டில் அஞ்சலாட்சி வாயைத் திறந்தால், ஏரியில் மேய்கிற கொக்கெல்லாம் கடலூருக்குக் குடிபோய்விடும். மீன் விற்கிறவள். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விடியக்காலை ஏலம் எடுத்து, பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் பறந்து வருவாள். எதிரே வருகிற பஸ்ஸே ஓரங்கட்டி நின்று, "போ தாயி" என்று கும்பிடு போடும்.

அவ்வளவு அவசரம் எதற்கு? கூட்ரோட்டில் ஒயின் ஷாப்பை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அந்த நிழலில் எவள் கூடை முதலில் இறங்குகிறதோ, அன்றைக்கு இடம் அவளுக்கு. கோர்ட்டு எழுதாத சட்டம், ஆனால் கோர்ட்டு சட்டத்தைவிடக் கெட்டி. நிழலில் வைத்த மீன் மத்தியானம் வரைக்கும் கண்ணை உருட்டிக்கொண்டு கிடக்கும். வெயிலில் வைத்த மீன் பத்து மணிக்கே கருவாடாகி, எழுந்து வீட்டுக்கு நடந்துவிடும்.

அந்த நிழலுக்கு ஒரு போட்டி இருந்தது. பேர் சின்னப்பாப்பா. பேரில்தான் சின்னது, பாப்பா எல்லாம். ஆள் கரையில் ஏற்றிவைத்த விசைப்படகு. "அவகிட்ட வாங்காதீங்கம்மா, அந்தக் கானாங்கெளுத்தி போன எலெக்‌ஷன்லியே ஓட்டுப் போட்டுடுச்சு" என்று ஒருநாள் அஞ்சலாட்சியின் வாடிக்கைக்காரியிடமே சொல்லிவிட்டாள். அன்றோடு இரண்டு பேருக்கும் நல்ல பேச்சு நின்றது. கெட்ட பேச்சு மட்டும் தினம் தவறாமல் நடந்தது.

இருவரும் மொபெட் வாங்கியது ஒரே நாள், ஒரே கடை. ஒருத்தி வாங்கும்போது இன்னொருத்தி சும்மா வேடிக்கை பார்ப்பாளா? அதனால் பதினைந்து வருஷ ஆர்.சி.யும் இரண்டு வண்டிக்கும் ஒன்றாகவே முடிந்தது. இனிமேல் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி, ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. வாங்கினால்தான் ஆர்.சி. புதுசாகும். வாங்காமல் ஓட்டினால் போலீஸ் பிடித்துக்கொள்ளும். வண்டி போனால் நிழலும் போச்சு.

அஞ்சலாட்சி வண்டியில் ஹாரனைத் தவிர எல்லாம் செத்துப்போயிருந்தது. ஹாரன் எப்படிப் பிழைத்தது என்றால், அவள் அதை அடிப்பதே இல்லை. வாய் இருக்கும்போது ஹாரன் எதற்கு? ஐஸ் பெட்டியின் உப்புத்தண்ணி சொட்டிச் சொட்டிப் பின்லைட்டைத் தின்று, ஒயரைத் தின்று, முன்லைட்டு வரைக்கும் போய் ஏப்பம் விட்டிருந்தது. ஹேண்டில்பாரில் டியூப் ரப்பரால் கட்டிய டார்ச்லைட்டுதான் அவளுக்கு வெளிச்சம்.

மெக்கானிக் அம்மாவாசை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"யக்கா, இது வண்டியா, கடல்லேர்ந்து எடுத்த கப்பலா?"

"வாய மூடிக்கினு வேலயப் பாரு. நாளைக்கு எஃப்.சி."

"இந்த மாடலுக்கு லைட்டு இப்ப எங்கியும் வர்றதில்ல. எங்கிட்ட ஒரு செட்டு கீது. முன்னாடி, பின்னாடி, பிரேக் லைட்டு, ஒயரோட. எஃப்.சி.க்கு மட்டும் மாட்டி உடுவேன். முடிஞ்சதும் கயட்டிக்குவேன்."

ஊரில் இது வழக்கம்தான். கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டுக்கொண்டு போவதுபோல, எஃப்.சி.க்கு இரவல் லைட்டு, இரவல் கண்ணாடி, சிலருக்கு இரவல் டயர்கூட. அஞ்சலாட்சி தலையாட்டிவிட்டாள். அதே செட்டை அதே நாளுக்குச் சின்னப்பாப்பாவுக்கும் அவன் பேசிவைத்திருந்ததை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மாவாசையை அன்றைக்கே கடலில் கரைத்திருப்பாள்.

மறுநாள் காலையில் அஞ்சலாட்சி அங்காளம்மன் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினாள். பிறகு லைட்டுக்குப் பொட்டு வைத்தாள். பொட்டா அது? முன்லைட்டுக் கண்ணாடி முழுக்க அரை இஞ்சு கனத்துக்குச் சந்தனம், நடுவில் தோசை அளவுக்குக் குங்குமம்.

சோதனை மைதானத்தில் இன்ஸ்பெக்டர் ஜானகிராமன் நின்றிருந்தார். சிரிப்பை வீட்டில் வைத்துப் பூட்டி, சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டு வந்த மனுஷன்.

"ஹெட்லைட்டப் போடும்மா."

"போட்டுத்தான் சார் இருக்குது."

"எங்க? சந்தனக் காப்புதான் தெரியுது. தொடை."

"சாமிக்கு வச்சது சார். தொடச்சா ஆவாது."

"தொடைக்கலன்னா எஃப்.சி. ஆவாது."

அஞ்சலாட்சி மனசுக்குள் அவருடைய ஏழு தலைமுறையையும் வரிசையாக நிற்கவைத்துத் திட்டிக்கொண்டே முந்தானையால் துடைத்தாள். கண்ணாடி தெளிந்தது. விளிம்பு வளையத்தில் மட்டும் சந்தனமும் குங்குமமும் மோதிரம் போட்டதுபோல ஒட்டிக்கொண்டது. ஹெட்லைட்டு, டிம், பிரேக் லைட்டு, ஹாரன். எல்லாம் சரி. ஜானகிராமன் பேப்பரில் டிக் அடித்தார்.

வேப்பமரத்துக்குப் பின்னால் அம்மாவாசை ஸ்பேனரோடு காத்திருந்தான். பக்கத்தில் சின்னப்பாப்பாவும் அவள் மொபெட்டும். அப்போதுதான் அஞ்சலாட்சிக்கு விஷயமே விளங்கியது.

"டேய் அம்மாவாசை, இந்த லைட்டு இவளுக்காடா?"

"யக்கா, உனுக்குத்தான் பாஸாயிடுச்சே. கயட்டிக்கிறேன், உடு."

"அவ எரிச்சி முடிச்ச லைட்டுதான் எனக்குன்னு தலையில எழுதியிருக்குது, பாரேன்" என்றாள் சின்னப்பாப்பா.

லைட்டு கழன்று சின்னப்பாப்பா வண்டியில் ஏறியது. புத்தி இருக்கிறவளாக இருந்தால் அஞ்சலாட்சி அப்போதே வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போயிருப்பாள். பாஸானவளுக்கு அங்கே என்ன வேலை? ஆனால் சின்னப்பாப்பா ஃபெயிலாவதைக் கண்ணால் பார்க்காமல் போனால் அன்றைக்குச் சோறு இறங்காது. மைதான வாசலோரமாகவே நின்றுகொண்டாள்.

சின்னப்பாப்பா வண்டி உள்ளே போனது. ஜானகிராமன் குனிந்தார். லைட்டைப் பார்த்தார். விரலால் விளிம்பைத் தடவி, ஒட்டிய சந்தனத்தை மோந்து பார்த்தார். நிமிர்ந்து வாசல் பக்கம் பார்த்தார். அங்கே அஞ்சலாட்சியின் மொபெட் முகத்தில் ஒரு பொத்தலோடு நின்றது.

"இங்க வாம்மா. இந்த லைட்டு யாருது?"

அம்மாவாசையைக் காணோம். அந்த நேரத்துக்குள் திண்டிவனத்தைத் தாண்டியிருப்பான்.

சின்னப்பாப்பா முந்திக்கொண்டாள். "என்னுது சார். பாவம், இல்லாதவளாச்சே, கேட்டுட்டாளேன்னு கொஞ்ச நேரத்துக்குக் குடுத்தேன்."

ஜானகிராமன் அஞ்சலாட்சியைப் பார்த்தார். "அப்படியா? சொந்த லைட்டுன்னா இந்த வண்டி பாஸ். உன்னது கேன்சல்."

கேன்சலைக்கூட அஞ்சலாட்சி பொறுத்திருப்பாள். 'பாவம்' என்று ஒரு வார்த்தை விழுந்ததே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவளைப் பார்த்துப் பாவம் என்று சொன்னவர்கள் இதுவரை யாருமில்லை. கட்டின புருஷன்கூட அவளுக்குக் காய்ச்சல் வந்தால் காய்ச்சலைப் பார்த்துத்தான் பாவம் என்பான். பொய் என்று சொன்னால் இரண்டு வண்டியும் அவுட்டு. சொல்லாவிட்டால் நாளையிலிருந்து நிழலில் சின்னப்பாப்பா உட்காருவாள், அஞ்சலாட்சியைப் பார்த்துப் பாவப்பட ஊரே கூடும்.

"பொய் சார். இது அம்மாவாசைங்கிற மெக்கானிக்கு வாடகைக்கு உடற லைட்டு. எனக்கும் சொந்தமில்ல, இவளுக்கும் சொந்தமில்ல. ரெண்டு பேருதையும் அடிச்சி உடுங்க."

எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் கதை ஒன்று சொல்வார்களே, அவன்கூட அறுக்கும்போது கொஞ்சம் முகம் சுளித்திருப்பான். அஞ்சலாட்சி சிரித்துக்கொண்டே அறுத்தாள். ஜானகிராமன் இரண்டு பேப்பரிலும் கோடு போட்டார். "சொந்த லைட்டோட வாங்க. அதுவரைக்கும் வண்டிய ரோட்டுல பாத்தேன், புடிச்சி உள்ள போட்டுடுவேன்."

"உன் வாயில புத்து வைக்க. உன் வண்டியும்தானடி போச்சு" என்றாள் சின்னப்பாப்பா.

"போவட்டும். உன்னுது போச்சில்ல, அது போதும்."

மறுநாள் துறைமுக வாசலில் தவளக்குப்பம் போகிற ஆட்டோ ஒன்றுதான் நின்றது. மீன் நாற்றத்துக்குப் பயந்து மற்றதெல்லாம் ஓடிவிட்டன. இரண்டு கூடைகளும் இரண்டு பெண்களும் ஆட்டோ முன்னால் நின்று முறைத்துக்கொண்டார்கள். எவள் முதலில் ஏறுவது என்று ஒரு யுத்தம் வரும் என டிரைவர் பயந்துபோய் சாமியைக் கும்பிட்டான்.

அஞ்சலாட்சி ஆட்டோவை ஒரு பார்வை பார்த்தாள். வலது பக்கம் கம்பி வைத்து அடைத்திருந்தது. ஏறுவதும் இறங்குவதும் இடது பக்கம் மட்டும்.

"நீ ஏறு. பெரிய மனுஷி" என்று ஒதுங்கி நின்றாள்.

சின்னப்பாப்பாவுக்குத் தலை கால் புரியவில்லை. "அப்பிடி வா வழிக்கு" என்று கூடையோடு ஏறி, உள்ளே கடைசி வரைக்கும் நகர்ந்து, மகாராணி மாதிரி கம்பியில் சாய்ந்துகொண்டாள். அஞ்சலாட்சி ஓரத்தில் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. டிரைவருக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

கூட்ரோட்டில் ஆட்டோ முழுசாக நிற்பதற்குள் அஞ்சலாட்சி குதித்துவிட்டாள். தகரக் கொட்டகை நிழலில் அவள் கூடை தொப்பென்று இறங்கியது. விசைப்படகு உள்ளே கம்பிக்கும் கூடைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு, முன்னால் போகவும் முடியாமல் பின்னால் போகவும் முடியாமல் ஆட்டோவையே ஆட்டிக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி, இதுக்குத்தான் என்ன மொதல்ல ஏறச் சொன்னியா?"

அஞ்சலாட்சி சங்கரா மீன்களை எடுத்துத் தட்டில் வரிசையாக அடுக்கினாள்.

"பொறுமையா எறங்குடி. வெயிலு எங்கியும் ஓடிடாது."