பென்சில் மேடமும் ஒரு நீல மூடியும்

ஜெராக்ஸ் கடைக்கு மேலே பதினெட்டுப் படி ஏறினால் பென்சில் மேடத்தின் அறை. அந்தப் பெயரை அவர் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் கீழே கடைக்காரரிடம் வழி கேட்கிறவர்கள் எல்லாம் அப்படித்தான் கேட்டார்கள். மேடமும் ஜன்னல் வழியாக அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பதினோரு வருஷம் ஒரு பெரிய கல்லூரியில் சேர்க்கை விண்ணப்பங்களைப் படித்தவர் அவர். நூற்றில் தொண்ணூறுக்கு மேல் 'இல்லை' என்று எழுதிய கை. ஊர்ப் பிள்ளைகளின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது போதும் என்று ஒருநாள் எழுந்து வந்து, மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டார். பள்ளியின் கடைசி வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்து, எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று சொல்வதுதான் இப்போது வேலை. எண்ணைப் பென்சிலில்தான் எழுதுவார். அழிக்க வசதி என்பார். ஆனால் அழித்ததைப் பார்த்தவர்கள் குறைவு.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மதிப்பெண்ணைப் பார்த்து முடித்ததும், சொல்லாமல் கொள்ளாமல், "பையைக் கொட்டு" என்பார். அழுகிய வாழைப்பழம், பாதியில் நின்ற காதல் கடிதம், மூன்று பேருடைய கால்குலேட்டர் எல்லாம் அந்த மேசையில் விழுந்திருக்கின்றன. "மார்க் லிஸ்ட் ஸ்கூல் எழுதினது. பை பிள்ளை எழுதினது" என்பது அவர் கட்சி.

இந்தச் சேதி எப்படியோ மருந்துக்கடைக்காரம்மாவின் காதுக்கு எட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை மகளோடு வந்தவர், பையைக் கொட்டச் சொல்வதற்கு முன்பே கொட்டினார். மடிப்புக் கலையாத புத்தகங்கள், பஞ்சில் சுற்றிய இரண்டு பதக்கங்கள், ஒரு புல்லாங்குழல்.

"புல்லாங்குழல் வாசிப்பியாம்மா?"

"இல்லைங்க மேடம். நேத்துதான் வாங்கினோம்."

"கத்துக்கப் போறா!" என்று அம்மா முந்திக்கொண்டார்.

குழலில் விலைச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு விண்ணப்பக் கட்டுரையை எடுத்தார். தலைப்பு, 'உலக அமைதியும் நானும்'.

"இது யார் எழுதினது?"

"எங்க சின்ன மாமா" என்றாள் பெண். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

"அப்போ மாமாவையே அனுப்பிடலாமே. அவருக்கு என்ன வயசு?"

மருந்துக்கடைக்காரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பெண் விண்ணப்பம் போடுகிற அந்தக் கல்லூரி ஒன்றுதான் கட்டணமே வாங்காமல் படிக்கவைக்கிறது. அங்கே கிடைக்காவிட்டால், பெண் மருந்துக்கடையில் சீட்டுப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே தபாலில்தான் படிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

மேடம் பென்சிலை எடுத்து '7' என்று எழுதினார்.

"தொண்ணூத்தாறு மார்க் வாங்கினவ மேடம்!"

"அங்க வரிசையில நிக்கறவங்க எல்லாருமே தொண்ணூத்தாறுதாம்மா."

அம்மா பொருள்களை அள்ளிப் பையில் போட்டார். பெண் மூக்கைத் துடைக்கப் பாவாடைப் பையிலிருந்து கைக்குட்டையை இழுத்தாள். கூடவே ஏதோ தரையில் விழுந்து, உருண்டு, மேசைக்கு அடியில் போய்ப் படுத்தது. நீல பிளாஸ்டிக்கில் ஒரு டிபன் பாக்ஸ் மூடி. பதக்கங்களைக் கொட்டியபோது அசையாத பெண், இதற்குப் பாய்ந்து மேசைக்கு அடியில் புகுந்தாள்.

"அந்தக் குப்பையை இங்கேயும் தூக்கிட்டு வந்தியாடி! என் மானமே போச்சு."

"குப்பை இல்லைம்மா. யாரோடதோ" என்று குரல் மட்டும் வெளியே வந்தது.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. பள்ளியில் தொலைந்த பொருள்களை வைக்கிற அலமாரியின் சாவி இரண்டு வருஷமாக அவளிடம் இருக்கிறது. யாரும் கொடுக்கவில்லை, அந்தச் சாவியே தொலைந்து கிடந்து அவள் கண்டெடுத்ததுதான். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பொருள். நூற்றுத் தொண்ணூறு உரியவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன.

"எப்படிக் கண்டுபிடிப்ப?"

"ஒத்தை ஷூன்னா சுலபம் மேடம், நொண்டிக்கிட்டு வர்றவனைப் பாத்தாப் போதும். கண்ணாடின்னா சாக்பீஸ் தூள் இருக்கான்னு பாப்பேன். இருந்தா முதல் பெஞ்சு."

"இந்த மூடி?"

"கடிச்ச தடம் இருக்கு பாருங்க. நடுவுல ஒரு பல் இல்லை. அப்போ பல்லு விழற வயசு, சின்ன கிளாஸ். ஆனா நான் தேடறதுக்குள்ள புதுப் பல் முளைச்சிருமே. அதான் கவலையா இருக்கு."

மேடம் மூடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இழுப்பறையைக் குடைந்து ரப்பரைத் தேடினார். அது கிடைக்கவே நேரமானது. '7'-ஐ அழித்து, '25' என்று எழுதினார்.

"கால்வாசிதானா?" என்றார் அம்மா.

"ஆமாம்மா. நாலு தடவையில மூணு தடவை இல்லைன்னுதான் பதில் வரும். பொய் சொல்லி அனுப்ப மாட்டேன். ஆனா நான் இன்னும் அந்த மேசையில உக்காந்திருந்தா, இவளோடதைப் படிச்சிட்டு அடுத்ததை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும்."

பெண் மூன்று நாளில் மூடியைப் பற்றியே எழுதி வந்தாள். மேடம் ஒரே ஒரு வரியைத்தான் அடித்தார். அது சின்ன மாமா நடுவில் செருகிய பொன்மொழி. வெள்ளிக்கிழமை விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

நான்கு மாதம் கழித்துப் பதினெட்டுப் படியும் தடதடத்தன. மருந்துக்கடைக்காரம்மா மூச்சு வாங்க ஒரு கடிதத்தை நீட்டினார். இடம் கிடைத்துவிட்டது. அச்சடித்த வரிகளுக்குக் கீழே யாரோ கையால் எழுதியிருந்தார்கள்: 'மூடிக்கு உரியவர் கிடைத்தாரா?'

மேடம் அந்தக் கையெழுத்தை இரண்டு முறை படித்தார். "உக்காருங்கம்மா, காபி சொல்றேன்" என்றார்.

"உக்கார நேரம் ஏது மேடம்! கேட்டவங்களுக்குப் பதில் சொல்லணும், ஆள் இன்னும் கிடைக்கலையே. நாலு நாளா ஸ்கூல் வாசல்ல நின்னு சின்னப் பசங்க டப்பாவையெல்லாம் வாங்கி வாங்கிப் பாக்கறேன். வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரியாப் பாக்கறான்."

"அப்போ கடை?"

"தம்பி இருக்கானே. உலக அமைதி எழுதறதுக்குப் பதிலா, நாலு பேருக்கு இருமல் மருந்தாவது எடுத்துக் குடுக்கட்டும்."

கைப்பையைத் திறந்து, மூடி பத்திரமாக இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார். பதக்கங்களைச் சுற்றியிருந்த பஞ்சு இப்போது அதைச் சுற்றியிருந்தது. தெருக்கோடியில் பள்ளி மணி அடித்தது.

"விட்டுட்டாங்க!" என்று சொல்லிக்கொண்டே, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கி ஓடினார்.