இழுக்கவிடாத கட்டைவிரல்

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கல் பட்டறைக்குப் போனவள் நான். திருச்சியில் அப்போது தெருவுக்குத் தெரு செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டினார்கள். கல்லை அரக்கால் ஒட்டிய குச்சியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்துச் சாணைச் சக்கரத்தில் வைக்க வேண்டும். பிடி தளர்ந்தால் பட்டை கோணிவிடும். கோணல் கல் தீட்டுகிறவளுக்குச் சக்கரத்தின் முன்னால் இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் மைதானத்தில் வலை கட்டி ரிங் விளையாடுவோம். எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிறு, ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த பெண்களோடு ஆட்டம். வேகமாக வந்த ரப்பர் வளையத்தைப் பாய்ந்து பிடித்தேன். வளையம் கையில் நின்றது. வலது கட்டைவிரல் மட்டும் வெளிப்பக்கமாக வெடுக்கென்று வளைந்துவிட்டது. பாயிண்ட் எங்களுக்குத்தான்.

சாயங்காலத்துக்குள் விரலின் அடிமூட்டு, ஆள்காட்டி விரலைப் பார்த்த பக்கம், வீங்கிவிட்டது. எதிர்வீட்டு அத்தை இரட்டைப் பிள்ளை பெற்றவர். அப்படிப்பட்டவர் கை பட்டால் சுளுக்குப் போய்விடும் என்று தெருவே அவரிடம்தான் போகும். விளக்கெண்ணெயைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு அவரே வந்துவிட்டார்.

"கையைக் குடுடி. ஒரு இழுப்பு இழுத்தா சொடக்குன்னு உக்காந்துக்கும்."

கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். "வேண்டாம் அத்தை. இது சுளுக்கு மாதிரி இல்ல."

"ஏன், நீ டாக்டருக்குப் படிச்சிருக்கியா?"

அம்மா சிரித்தார். "பல்லி சத்தம் போட்டாலே பயப்படுறவ. விடுங்க அண்ணி."

பயம்தான். ஆனால் பயந்தவள் சும்மா இருப்பாளா? பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் இரண்டு கட்டைவிரலையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இடது விரலை மெல்ல வெளியே சாய்த்தால் ஓர் அளவில் நின்றது. வலது விரல் அதைத் தாண்டிப் போனது. மறுநாள் பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன பஸ்ஸில் டிக்கெட் விரலிடுக்கிலிருந்து நழுவிக் காற்றோடு போய்விட்டது. இறங்கும்வரை செக்கர் ஏறுவாரோ என்ற கவலை வேறு.

எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. டாக்டரம்மா இரண்டு கட்டைவிரலையும் ஒவ்வொன்றாக வெளியே சாய்த்துப் பார்த்தார்.

"இதையேதான் நானும் பார்த்தேங்க."

நிமிர்ந்தார். "எத்தனை தடவை?"

"எண்ணலைங்க."

"கண்டுபிடிச்சது சரி. இனிமே ஆட்டிப் பாக்காதே. மூட்டைப் பிடிச்சிருக்கிற நார் பாதி கிழிஞ்சிருக்கு. யாராவது இழுத்தாங்களா?"

"விடலைங்க."

"கெட்டிக்காரி. முழுசா அறுந்திருந்தா ஆபரேஷன்தான்."

கெட்டிக்காரி என்று என்னை யாரும் அதற்கு முன்னால் சொன்னதில்லை.

ஆறு வாரம் மாவுக்கட்டு. என் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை. அத்தை வாசலில் நின்றபடி, "இன்னும் கட்டா? நான் இழுத்திருந்தா மறுநாளே வேலைக்குப் போயிருப்பே" என்பார்.

கட்டுப் பிரித்தபோது விரல் மெலிந்து விறைத்திருந்தது. டாக்டரம்மா சொன்னபடி வெந்நீரில் வைத்து மடக்கி நீட்டினேன். ஈரத் துணியைப் பிழிந்தேன், அரிசியில் கல் பொறுக்கினேன். சாவி திரும்பிய நாளில் வீட்டை ஏழு தடவை பூட்டித் திறந்தேன்.

பட்டறைக்காரர் இருப்பதிலேயே சின்னக் கல்லாகப் பார்த்துக் கொடுத்தார். தீட்டிக் கொடுத்தேன். கண்ணில் லென்ஸை வைத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோணல் இல்ல. உன் இடத்துக்குப் போ."

போய் உட்கார்ந்து, சக்கரத்தின் இரைச்சலை மீறிப் பாடிக்கொண்டே தீட்டினேன். பயப்படுவதற்கு ஒன்றுமே தோன்றவில்லை, மத்தியானம் வரைக்கும்.