ஒரு செம்புத் தண்ணீர்

செருப்புக் கடையில் புதுத்தோல் வாசனை முகத்தில் அடித்ததும், அறுபது வருஷத்துக்கு முந்தைய எங்கள் மல்லிகைத் தோட்டம் கண்ணுக்குள் வந்து நின்றது.

திண்டுக்கல்லுக்கு வெளியே, தோல் பதனிடும் ஷாப்புக் கழிவு ஓடையில் ஓடத் தொடங்கிய பிறகு, எங்கள் கிணற்றுத் தண்ணீர் பழுப்பேறி, உப்புக் கரித்து, பாத்தி ஓரமெல்லாம் வெள்ளையாகப் பொரிந்து, விடியலில் அம்மாவும் நானும் மடி நிறையப் பறித்த அரும்பு ஒரு கையளவுக்குக் குறைந்துபோனது. அப்பா மனு மேல் மனு கொடுத்து, கடைசியில் ஒரு அதிகாரி வந்தார். ஷாப்பு முதலாளியின் காரில் வந்தார்.

கருகிய செடியொன்றைப் பிடுங்கிவந்து காட்ட அப்பா போயிருந்த நேரத்தில், அவர் செம்பில் தண்ணீர் மொண்டு என்னிடம் நீட்டி, "இந்தத் தண்ணிய நீ குடிப்பியா பாப்பா?" என்று சிரித்தார். எனக்கு ஏழு வயது. அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. கரிப்பு தொண்டையை அறுத்தும், நல்ல பிள்ளையாக முழுச் செம்பையும் குடித்தேன்.

"பிள்ளையே குடிக்குது, அப்புறம் என்ன?" என்று சொல்லி, குடிக்கத் தகுந்த தண்ணீர் என்று எழுதிக்கொண்டார்.

"அது அறியாப் புள்ளைங்கய்யா, நீங்க ஒரு வாய் குடிச்சுப் பாருங்க" என்று அப்பா செடியோடு காருக்குப் பின்னால் ஓடினார். கார் நிற்கவில்லை.

அடுத்த கோடைக்குள் தோட்டம் காய்ந்தது. அந்த இடத்தில் ஷாப்புக்காரர்கள் தோல் உலர்த்தினார்கள். அப்பா சாகும்வரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்று சாயங்காலம் நான் வாந்தியெடுத்தபோதுகூட, முதுகைத் தடவியபடி, "நீ ஒன்னும் பண்ணல தாயி, நீ ஒன்னும் பண்ணல" என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.