நூற்றிருபதுக்கு எண்பது

நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள். எனக்கு ஒரு நட்டமும் இல்லை. போக வேண்டியது போய்விட்டது. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

யாழ்ப்பாண நகரத்துக்குள் ஓர் ஆரோக்கிய வாழ்வு நிலையம். எது என்று சொல்ல மாட்டேன். முப்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு நிறை, இரத்தத்தில் சீனி, பிறசர் என்கிற இரத்த அழுத்தம் எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். அவற்றைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. எல்லாம் சரியாக இருந்தால் கணினியே அந்த ஆளின் போனுக்குச் செய்தி அனுப்பும்: 'நீங்கள் நலம். அடுத்த பரிசோதனை ஒரு வருடத்தில்.'

மாதம் இருநூறு பேரைக் காட்ட வேண்டும். வருவது நூற்றைம்பது. நகரத்து ஆட்களுக்குக் கொத்துரொட்டிக் கடையில் நிற்க நேரம் இருக்கும், இதற்கு இருக்காது. ஒக்டோபரில் மிச்ச ஐம்பது பேரையும் பதிவுப் பட்டியலிலிருந்து நானே நிரப்பினேன். நிறையும் சீனியும் வாய்க்கு வந்தபடி. பிறசர் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். 120/80. அந்த ஐம்பதில் என் அம்மாவும் ஒருவர்.

"தம்பி, ரெண்டு நாளாத் தலை சுத்துது. உங்கடை இடத்திலை ஒருக்காப் பிறசர் பாப்பமே?" என்று அம்மா கேட்டார்.

"நலம் எண்டு மெசேஜ் வந்ததெல்லோ அம்மா."

"ஓம், வந்தது. கொம்பியூட்டர் சொன்னாச் சரிதானே" என்று சிரித்தார். மழைக்குள் அவரை ஏற்றி இறக்க எனக்குப் பஞ்சியாக, சோம்பலாக இருந்தது. வேறு காரணமே இல்லை.

2024 நவம்பர் 12, செவ்வாய். காலையிலிருந்து மழை. பிற்பகல் 3.40க்கு எங்கள் தாதி ஆரணி மிஸ்ஸி தேநீர் குடிக்கப் போனார். அறையில் நான் மட்டும்.

3.47. கதவுச் சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்தால் எதிர் நாற்காலியில் ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். குடை இல்லை. வெளியே அவ்வளவு மழை... அவள் சேலை காய்ந்திருந்தது.

"கொழும்புத்துறை றெஜினா. பிறசர் பாருங்கோ தம்பி."

"மிஸ்ஸி வருவா. இருங்கோ."

"போன முறை நீங்கள்தானே பாத்தனீங்கள்."

பெயரைத் தட்டினேன். இருந்தது. நான் நிரப்பிய ஐம்பதில் ஒருத்தி. பிறசர் மெசினின் பட்டியை எடுத்து அவள் கையில் சுற்றினேன். கை சில்லென்று இருந்தது.

மெசின் இரைந்தது. ங்ங்ங்ங்... நின்றது.

120/80.

தராசில் ஏறினாள். 61.

விரலில் ஊசி குத்தினேன். இரத்தம் வரவில்லை... இரத்தம் படாத சோதனைத் துண்டைத்தான் சீனி பார்க்கும் மெசினில் வைத்தேன். 96.

திரையைப் பார்த்தேன். 61. 96. நான் வாய்க்கு வந்தபடி போட்டவை.

"நீங்கள் எழுதினதுதான் தம்பி. இனி மாறாது."

பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அம்மாவுக்கும்."

கதவுப் பக்கம் திரும்பி மிஸ்ஸியைக் கத்திக் கூப்பிட்டேன். மறுபடி பார்த்தபோது நாற்காலி வெறுமை. மேசையில் பட்டி மட்டும். கை அளவுக்குச் சுற்றியபடி... உள்ளே கை இல்லை.

4.25. வீடு. அம்மா குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். வாய் கோணியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்தார்கள். மூளைக்குள் இரத்தக்கசிவு. டொக்டர் மூன்று மெசின் மாற்றிப் பார்த்தார்.

120/80.

120/80.

120/80.

"இந்தப் பிறசருக்கு மூளை நரம்பு இப்பிடி வெடிக்காதே" என்றார்.

வெளியே ஓடிவந்து போனிலேயே நிலையத்துப் பதிவுகளைத் திறந்து அம்மாவின் பதிவை அழித்தேன். திரும்ப வந்தது. அழித்தேன். வந்தது...

14ஆம் திகதி காலை 6.10க்கு அம்மா போய்விட்டார். என் கையாலேயே கொன்றேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அம்மாவின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று ஆரணி மிஸ்ஸி வந்தார். நான் சொன்னதைக் கேட்டு றெஜினாவைப் பற்றி விசாரித்திருந்தார். 'நீங்கள் நலம்' என்று செய்தி வந்ததும் றெஜினா தினமும் விழுங்கும் பிறசர்க் குளிசையை நிறுத்தியிருக்கிறாள். ஒக்டோபர் 29ஆம் திகதி செத்துப்போனாள். என்னிடம் வருவதற்குப் பதினான்கு நாள் முன்பு.

மிஸ்ஸி போக எழும்பினார். பிறகு திரும்ப இருந்தார்.

"ஆஸ்பத்திரி வாட்டிலை வேலை செய்யிற பிள்ளை ஒண்டு சொன்னது. சொல்லவோ விடவோ தெரியேல்லை."

"சொல்லுங்கோ."

அம்மாவின் கையிலிருந்த பட்டியைக் கழற்ற மறந்துவிட்டார்களாம். கால்மணிக்கொரு தடவை தானாக அளக்கும் மெசின் அது. 6.10க்குப் பிறகும் அளந்திருக்கிறது. 6.15. 6.30. 6.45. சவச்சாலைக்குக் கொண்டுபோகும்வரை ஒவ்வொரு முறையும் 120/80 என்றுதான் காட்டியதாம்.